தினகரன் தேர்ந்தெடுத்த கம்ப்ரஸர்

காஞ்சிபுரத்தில் ஒரு கச்சேரி கேட்டு வந்தவரிடம் யார் யார் வாசித்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பாடியவரைச் சொல்வார், கீபோர்டைச் சொல்வார், டிரம்ஸ் அடித்தவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூடச் சொல்வார். பின்வரிசையில் ஒரு ஆள் நாலு கம்பி கிட்டாரை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றானே, அவனை மட்டும் சொல்லமாட்டார். அந்த ஆள்தான் பிள்ளையார்பாளையம் தினகரன். பத்தொன்பது வருஷமாக அப்பாதுரை இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். அவன் வாசிப்பது தனியாக யார் காதிலும் விழாது. அவன் நிறுத்தினால்தான் பாட்டில் என்னவோ குறைகிறதே என்று எல்லாருக்கும் தோன்றும். அந்த வாத்தியத்தின் தலையெழுத்து அது, அவன் என்ன செய்வான்.

பகலெல்லாம் அவனுக்குத் தறி. வீட்டின் முன் அறை முழுக்கத் தறிதான். மனிதர்கள் அதைச் சுற்றி ஒதுங்கிப் போய்க்கொள்ள வேண்டும். குழியில் காலைத் தொங்கவிட்டு அவன் உட்காருவான். அவனுக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மனைவி சங்கரி உட்காருவாள். அவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை இரண்டும் வேறு நிறம். ஆகவே ஒரு வரி நெய்ய, ஊடு நூலைச் சுமந்து போகிற நாடா மூன்று ஓட வேண்டும். இடக்கரை நாடாவும் உடல் நாடாவும் தினகரன் கையில், வலக்கரை நாடா சங்கரி கையில். அவன் போட்டு, அவள் போட்டு, பிறகு பலகையை இழுத்து ஒரு அடி. இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் தறி படுத்துவிடும்.

பதினாறு வயதில் அவன் குழியில் இறங்கினான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வாரம் அது. நாலு நாள் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்கள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. இப்போது அவனுக்கு நாற்பத்து நாலு. இதைப் பற்றி அவன் யாரிடமும் புலம்பியதில்லை, ஏனென்றால் புலம்புகிற ஆள் இல்லை. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் சொல்லாமல் போய் பாஸ்போர்ட் எடுத்து வைத்தான். அதில் இதுவரை ஒரு முத்திரை விழவில்லை. எங்கே போகப் போகிறாய் என்று கேட்டிருந்தால் அவனுக்குப் பதில் தெரியாது. போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவனைத் தேடி சுகாசினி வந்தாள்.

சுகாசினி சென்னையில் ஒரு பேண்டு நடத்துகிறவள். எட்டுப் பேர், எல்லாருக்கும் மாதச் சம்பளம், வருஷத்தில் நாலைந்து முறை சிங்கப்பூர், துபாய் என்று பயணம். வாலாஜாபாத்தில் ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அப்பாதுரை குழுவின் கச்சேரியைக் கேட்டாள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகாமல் மேடையின் பின்பக்கம் வந்து நின்றாள்.

"சார், பேஸ் வாசிச்சது நீங்கதானே?" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தினகரன் திரும்பிப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

"என் பேஸ் பிளேயர் கனடா போறாரு. உங்க கை எனக்குப் பிடிச்சிருக்கு. பாட்டை இழுத்துக்கிட்டு ஓடாம, பின்னால நின்னு தாங்குறீங்க. ஆனா ஒரு விஷயம். ஒரு நோட் குதிக்குது, அடுத்த நோட் காணாம போகுது. மாத்தி மாத்தி இப்படியே வருது. ஏன்?"

காரணம் அவனுக்குத் தெரியும். பேஸ் கம்பியை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி இழுக்க வேண்டும். நாடாவை நாளெல்லாம் உந்தித் தள்ளி அவனுடைய ஆள்காட்டி விரல் நுனி காய்த்துக் கல்லாகிவிட்டது. நடுவிரல் சாதாரண மனிதர்களுடைய விரல். ஆகவே ஒன்று அறைகிறது, அடுத்தது தடவுகிறது. காய்ப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டான். மறுநாள் தறியில் உட்கார்ந்தால் பழையபடி வந்துவிடும். கம்பி விரலைச் சொரசொரப்பாக்கினால் பட்டிழை மாட்டி அறுந்துபோகும் என்பதால் கச்சேரி முடிந்த ஒவ்வொரு முறையும் வேறு தேய்க்க வேண்டியிருந்தது. இப்படி இரண்டு தொழிலுக்கும் நடுவில் அந்த ஒரு விரல் மாட்டிக்கொண்டு விழித்தது.

"தறி வேலைம்மா. அதனால வெரலு அப்படி ஆயிடுச்சி" என்றான்.

"சரி, அது ஒரு பிரச்சினையே இல்ல. நல்ல கம்ப்ரஸர் ஒண்ணு போட்டுக்குங்க. எங்க பேண்டுல எல்லாரும் அவங்கவங்க சவுண்டை அவங்களே ரெடி பண்ணிக்கிட்டுத்தான் வருவாங்க. உங்க அடுத்த புரோகிராம் எப்போ?"

"பதினஞ்சு நாள்ல. ஓரிக்கை போற வழியில ஒரு மண்டபம், ரிசப்ஷன்."

"நான் வந்து கேக்கறேன். சரியா இருந்தா அடுத்த மாசமே சேர்ந்துடுங்க. ஆனா சென்னையிலதான் இருக்கணும். வாரத்துல நாலு நாள் ரிகர்சல் இருக்கும், தினம் வந்து போறது முடியாது."

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று தினகரனுக்குத் தெரியாது.

வீட்டில் சொன்னபோது சங்கரி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "போங்க" என்றாள். கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், "அப்போ வலக்கரைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

"ஆள் யாரையாவது பாக்கலாம்" என்றான் அவன்.

இருவருக்கும் தெரியும், ஆள் கிடையாது. அந்தத் தெருவில் கை காலோடு இருக்கிறவர்கள் எல்லாம் ஒன்று சொந்தத் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள், இல்லையென்றால் விடிவதற்கு முன் வருகிற கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். சங்கரியும் ஒருமுறை அந்த வேனில் ஏறியவள்தான். தறியில் ஏற்றப் பாவு நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடந்த ஒரு மழைக்காலத்தில் பதினோரு நாள் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கப் போனாள். அங்கே கழிப்பறைக்குப் போவதற்கு மேற்பார்வையாளரிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இரண்டு டோக்கன். மூன்றாவது தேவைப்பட்ட நாளில் அத்தனை பேர் முன்னாலும் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் வேன் ஏறவில்லை. ஏன் என்று தினகரன் கேட்டதற்கு டோக்கன் கதையை ஒரே ஒரு தடவை சொன்னாள், அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. மகள் காயத்ரி வேலூர் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு இந்த விஷயமே தெரியாது. தினகரன் சென்னைக்குப் போனால் சங்கரிக்கு மறுபடியும் அந்த வேன்தான். அவன் அனுப்புகிற பணத்தில் வீட்டில் இருந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவனும் அதைத்தான் சொன்னான். சென்னையில் ஒரு வாடகை, வேலூரில் ஒரு விடுதி, இங்கே ஒரு வீடு என்று அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

நாற்பத்து நாலு வயதில் முதல்முறையாக ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு போகத் தயாராகிவிட்டான். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கம்ப்ரஸருக்கு அவன் போன இடம் தாவீது வீடு. தாவீது குழுவின் ஒலி அமைப்பாளர். கச்சேரியில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துகொண்டு யார் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள். ஆகவே குழுவில் எல்லாரும் அவனிடம் கொஞ்சம் பணிவாக இருப்பார்கள். அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. ஊரில் யார் எந்தப் பழைய சாமானை விற்றாலும் அது கடைசியில் அங்கே வந்து சேரும்.

பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று கறுப்பு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. இன்னொன்று சாம்பல் நிறம், செங்கல் கனம், நாலு திருகு.

"இது இன்னா பண்ணும்னு தெரியுமில்ல?" என்றான் தாவீது. "கிட்டார்ல இருந்து வர்ற வயரை இதுல சொருகிட்டா, பெருசா வர்ற நோட்டை அமுக்கும், சின்னதா வர்றதைத் தூக்கி உடும். ரெண்டும் ஒரே அளவாயிடும். உன் வெரலு ரெண்டும் சமமாயிடும்பா."

"எது நல்லது?"

"கறுப்பு சுத்தமா இருக்கும், ஆனா அது வேலை செய்யறதே தெரியாது. இது முரடு. நல்லா புடிக்கும். ஆனா சின்னதா வர்றதைத் தூக்குறப்போ கூட கெடக்குற குப்பையையும் தூக்கிடும். பழசு வேற, கொஞ்சம் சீறும். ரெண்டையும் எடுத்துக்கினு போய் வாசிச்சுப் பாரு. உன் காதுக்கு எது ஆவுதோ அத வெச்சிக்க."

தாவீது நல்லெண்ணத்தில்தான் சொன்னான். தினகரனும் இரண்டையும் துண்டில் சுற்றி வண்டியில் வைத்து எடுத்து வந்தான்.

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே தறியை நிறுத்திவிட்டு, பாவுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கரை வைத்து நின்று வாசித்தான். அவன் தறிதான் நின்றிருந்தது. இடது வீட்டில் ஓடியது, வலது வீட்டில் ஓடியது, பின்சந்தில் வரிசையாக ஆறு தறி ஓடியது. அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு அது சத்தம் என்றே தோன்றாது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் பேச்சை நிறுத்திவிட்டு என்ன இது என்று கேட்பார்கள்.

கறுப்புப் பெட்டியைப் போட்டான். போட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. அணைத்துப் பார்த்தான், மறுபடி போட்டுப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நோட்டு கேட்டது, நடுவிரல் நோட்டு பக்கத்து வீட்டுத் தறியில் கரைந்துபோனது. இதற்கா காசு கொடுத்து வாங்கினார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

சாம்பல் பெட்டியைப் போட்டு ஒரு திருகைத் திருப்பினான். நடுவிரல் நோட்டு மேலே வந்தது. இன்னும் திருப்பினான். இன்னும் வந்தது. முழுக்கத் திருப்பியபோது இரண்டு விரலும் ஒரே தடிமனில், தறிச் சத்தத்துக்கு மேலே, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒரு நோட்டு இன்னொன்றைவிட ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. நெசவுக்காரன் கண்ணுக்கு அடி சமமாக விழுந்த துணியைப் பார்த்தால் ஒரு குளிர்ச்சி வருமே, அது அவனுக்கு அன்று காதில் வந்தது. பத்தொன்பது வருஷமாக இப்படி ஒரு சத்தத்தைத்தானே தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அடுப்படி வாசலில் நின்றிருந்த சங்கரியைப் பார்த்து, "எப்படி இருக்குது?" என்றான்.

"நல்லா இருக்குது" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு கறுப்புப் பெட்டி துண்டிலிருந்து வெளியே வரவில்லை. பதின்மூன்று நாளும் சாம்பல் பெட்டியோடுதான் பழகினான். இதில்தான் அவன் தவறினான். இந்தத் தெருக்காரர்கள்தான் இப்படித் தவற முடியும். சென்னையில் ஒரு கதவடைத்த அறையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் கறுப்பு நன்றாக வேலை செய்வது தெரிந்திருக்கும். சாம்பலைத் திருப்பத் திருப்ப அது போடுகிற இரைச்சலும் தெரிந்திருக்கும். எட்டுத் தறி ஓடுகிற இடத்தில் அந்த இரண்டும் எப்படித் தெரியும்?

தாவீது ஒருமுறை போன் செய்து கேட்டான். "சீறல் இருக்குதாப்பா அதுல? ஏ.சி. மண்டபம், சின்ன சத்தமும் கேக்கும்."

தினகரன் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் முட்டாள் இல்லை. தறிச் சத்தத்தில் நமக்குத் தெரியாமல் போகலாம் என்று யோசித்து, அமாவாசைவரை காத்திருந்தான். அமாவாசைக்குப் பிள்ளையார்பாளையத்தில் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். தெருவே காதைப் பொத்திக்கொண்டது மாதிரி இருக்கும். அன்று காலை பெட்டியைப் போட்டு, திருகை முழுக்க ஏற்றி, கம்பியைத் தொடாமல் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. சங்கரி படையலுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"சங்கரி, இதுல இருந்து ஏதாவது சத்தம் வருதா பாரு. உஸ்ஸுன்னு, சீறுற மாதிரி?"

அவள் சீவுவதை நிறுத்தினாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு வாழைக்காயைப் பார்த்தாள்.

"இல்லியே" என்றாள்.

"சுத்தமா இருக்குதுபா" என்று அவன் தாவீதுக்குச் சொல்லிவிட்டான். நன்றாகத் திருகிச் சரிசெய்துவிட்டான்போல என்று தாவீதும் விட்டுவிட்டான்.

வரவேற்பு ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு. மண்டபத்தில் நானூறு நாற்காலி, சுவர் முழுக்கத் திரைச்சீலை, குளிர் காதைக் கடித்தது. சுகாசினி சொன்னபடி வந்தாள். மேடைக்கு முன்னால் உட்காராமல், கடைசியில் தாவீதுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கேட்க வந்தவர்கள் அங்கேதான் உட்காருவார்கள் என்று தினகரனுக்குத் தெரியும். சுருதி சேர்த்த கம்பியையே மறுபடி சுருதி சேர்த்தான்.

ஆனால் வாசித்தான் என்றால் அப்படி வாசித்தான். மூன்றாவது பாட்டிலிருந்து டிரம்ஸ்காரர் அவன் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எட்டாவது பாட்டில் அப்பாதுரையே கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து, பலே என்பதுபோல ஆட்டினார். அப்பாதுரை யாரையும் பாராட்டி அவன் பார்த்ததில்லை. மெதுவாகத் தொடங்குகிற பாட்டுகளில், குரல் மட்டும் தனியாக வருகிற இடங்களில், தாவீது எழுந்து நின்று கையைக் கீழ்நோக்கித் தட்டித் தட்டிக் காட்டினான். அவசரப்படாதே, நிதானமாகப் போ என்கிறான் என்று தினகரன் எடுத்துக்கொண்டான். தலையை ஆட்டினான். அடுத்த மாதம் இந்நேரம் சென்னையில் இருப்பேன் என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு முடிந்தது. கிட்டாரை வயரோடு மேடையிலேயே சாய்த்துவிட்டு மிக்ஸர் பக்கம் போனான். சுகாசினி எழுந்து நின்றாள். முகம் மலர்ச்சியாக இல்லை, கடுகடுப்பாகவும் இல்லை.

"சார், வாசிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு. நோட்ஸ் எல்லாம் சமம். ஆனா அந்த சீறலோட எப்படி வாசிச்சீங்க? அமைதியான இடம் எல்லாம் அதுதான் கேட்டுச்சு. முன் வரிசையில ரெண்டு பேரு ஏ.சி. ரிப்பேரான்னு மேல பாத்தாங்க."

"எந்த சீறல்?" என்றான் தினகரன்.

அவள் தாவீதைப் பார்த்தாள். தாவீது, "கையக் காட்டிக்கினே இருந்தேனேபா, அத கொறைன்னு. நீ தலைய ஆட்டிக்கினு நிக்கிற. நானே உன் சேனலை எறக்கி எறக்கி ஏத்தினேன்" என்றான். அவன் குரலில் கோபம் இருந்தது, ஆனால் சொல்லிக்கொண்டே வரும்போது குறைந்துவிட்டது.

சுகாசினி ஹெட்போனை எடுத்து தினகரனிடம் கொடுத்தாள். "மாட்டுங்க சார். கிட்டார் மேடையில சும்மாதான் இருக்கு." தாவீதிடம் பேஸ் சேனலை மட்டும் ஏற்றச் சொன்னாள். "இப்போ?"

"ஒண்ணும் இல்லியே."

"இன்னும் ஏத்துங்க. இப்போ?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தன் இரத்தம் ஓடுவதுதான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது மூன்றடி தள்ளி நிற்கிற தாவீது முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். ஹெட்போனிலிருந்து வெளியே கசிகிற சத்தமே தாவீதின் காதைக் கூச வைக்கிறது. அதை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு ஒன்றும் இல்லை.

தினகரன் மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். இருபத்தெட்டு வருஷத் தறியா, பத்தொன்பது வருஷமாகக் காதுக்குப் பக்கத்தில் அடி விழுந்த டிரம்ஸின் பித்தளைத் தட்டா, எது தின்றது என்று யார் கண்டது. தடித்த சத்தங்களை எல்லாம் அவனுக்கு விட்டுவிட்டு, மெல்லியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. போனதே தெரியாமல் போயிருக்கிறது.

"பெட்டிய மாத்திடறேன்மா" என்றான். "கறுப்பு ஒண்ணு இருக்குது. அது சுத்தமாம்."

"பெட்டி இல்ல சார்" என்றாள் சுகாசினி. அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது, ஆனாலும் சொன்னாள். "எங்க வேலை பாதி ஸ்டூடியோ. உங்க வயர்ல இருந்து என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியணும். வேற ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சா போதாது. என்னால முடியாது சார். ஒரு காது டாக்டரைப் பாருங்க, ப்ளீஸ்." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தாவீது வயர்களைச் சுற்றிக்கொண்டே கேட்டான். "சுத்தமா இருக்குதுன்னு நீதானேபா போன்ல சொன்ன?"

"சங்கரியும் இல்லன்னு சொல்லிச்சி" என்றான் தினகரன்.

வண்டியில் வரும்போது அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தான். அவளுக்கும் கேட்கவில்லையே. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவருக்கும் ஒரே மாதிரி போய்விட்டதுபோல. நினைத்தால் துக்கமாகவும் இருந்தது, ஒரு விதத்தில் துணையாகவும் இருந்தது. வீட்டில் "ஆவல" என்று மட்டும் சொன்னான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள்.

காலையில் இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். நாலைந்து விரற்கடை நெய்திருப்பார்கள். அடுப்படியில் குக்கரில் பருப்பு இருந்தது. ஒரு வரி முடிந்ததும் சங்கரி நாடாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"குக்கர இறக்கி வெக்க."

"விசிலே வரலியே."

"சீற ஆரம்பிச்சிடுச்சி. இப்ப வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் அடுப்படிக்குள் நுழைந்த பிறகுதான் விசில் வந்தது. அது அவனுக்குக் கேட்டது.

தினகரன் குழியில் உட்கார்ந்தபடியே இருந்தான். இடது வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, வலது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் நடுவில், ஒரு சுவர் தாண்டி, ஒரு குக்கர் சீறுவது அவளுக்குக் கேட்கிறது. தினமும் இப்படித்தான் விசிலுக்கு முன்னால் எழுந்து போவாள். கெட்டிக்காரி, நேரம் பிசகாது என்று அவன் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவன் மிதியை மிதித்தான். இடக்கரை நாடாவைப் போட்டான், உடல் நாடாவைப் போட்டான். பட்டு அவள் பக்கம் போய் நின்றது. அவள் கரை நாடாவைக் கையில் எடுத்தாள்.

"அமாவாசையன்னிக்கு உனக்குக் கேட்டுது இல்ல?" என்றான்.

நாடா அவள் கையில் நின்றது.

"கேட்டுது" என்றாள். "மொத நாளே கேட்டுது."

"எனக்குக் காது இல்லன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"மூணு வருஷம் இருக்கும். போன்ல மெசேஜ் வந்தா திரும்பவே மாட்டீங்க. கொசு காதுகிட்ட பாடினாலும் ஓட்டமாட்டீங்க. மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

"சரி. அது மூணு வருஷம். அன்னிக்குக் கேட்டேனே. வாய் விட்டு கேட்டேனே சங்கரி. மனசு கஷ்டப்படும்னா இல்லன்ன?"

அவள் கையிலிருந்த நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொய்யைத் தேடுகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் தேடவில்லை.

"இல்லீங்க" என்றாள். "சொன்னா நீங்க பெட்டிய மாத்திக்கினு போயிடுவீங்க. எனக்கு அந்த வேன்ல ஏற பயமா இருந்துச்சி."

அவனுக்குக் கோபம் வந்தது. உச்சந்தலைவரைக்கும் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கதவு திறந்தது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சாத்திவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது. எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருந்தது. எங்கே போவான்? கால் இரண்டும் குழிக்குள் இருந்தன. பட்டு பாதி வரியில் நின்றுகொண்டிருந்தது. அவள் கரை போடாமல் பலகையை அடிக்க முடியாது, அடிக்காமல் காலை எடுத்தால் இழை குலைந்துவிடும். அவளைத் திரும்பிப் பார்த்தான். அழவில்லை. மன்னிப்புக் கேட்கிற முகமும் இல்லை. திட்டு எப்போது விழும் என்று டோக்கனுக்கு நிற்கிறவள் மாதிரி, நாடாவைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு" என்றான்.

அவள் போட்டாள்.